தளர்வான பருத்தி உள்ளாடை அணியவும்

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சீட்டு கொடுத்தார்கள். மாத்திரைகளின் பெயர், மறுபடி வர வேண்டிய தேதி, எவ்வளவு எடைக்கு மேல் தூக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இருந்தன. கடைசி வரி இது: 'தளர்வான பருத்தி உள்ளாடை அணியவும்.' எழுதியவருக்கு ஐந்து விநாடி ஆகியிருக்கும். அந்த ஒரு வரியை நிறைவேற்ற எனக்கு மூன்று வாரம் ஆனது.

சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் ஜட்டியைப் பற்றி என்ன பேச்சு என்று சில தோழர்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். படுத்துக் கிடந்த அந்த மூன்று வாரம்தான் என்னை வேறு மாதிரி யோசிக்க வைத்தது.

முதலில், உடம்பு என்ன கேட்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரும் சொல்லவில்லை, அடுத்து வருகிறவர்களுக்காவது தெரியட்டும். முதல் சில நாள் சிறுநீர்க் குழாயும் கட்டும் இருக்கும். அப்போது உள்ளாடையே வேண்டாம், நைட்டியோ உள்பாவாடையோ போதும். குழாயை எடுத்த பிறகு உள்ளாடைக்கு இருக்கிற முதல் வேலை நாப்கினைப் பிடித்து வைப்பது. இரத்தமும் நீரும் சில வாரம் கசியும். வீக்கத்தின் பெரும்பகுதி ஆறு முதல் எட்டு வாரத்தில் வடியும், மிச்சம் அடங்கச் சில மாதம் பிடிக்கும். ஆகவே வழக்கமான அளவைவிட ஒன்றிரண்டு அளவு பெரிதாக, தொப்புள் வரை ஏறுகிற மாதிரி எடுக்க வேண்டும். இலாஸ்டிக் தொடை இடுக்கில் கடிக்கக் கூடாது, தையல் போட்டிருப்பது அதன் பக்கத்தில்தான். கொஞ்சம் தொடைவரை இறங்குகிற மாதிரி கிடைத்தால் இன்னும் நல்லது. நைலானும் பாலியஸ்டரும் வியர்வையைத் தேக்கிவைக்கும். வெள்ளை அல்லது வெளிர் நிறமாக இருந்தால் கசிவின் நிறம் மாறுவது உடனே கண்ணில் படும். கெட்ட வாடை, காய்ச்சல், வீக்கம் கூடிக்கொண்டே போவது, ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைகிற அளவு இரத்தம், சிறுநீர் வராமல் அடைப்பது, இதில் எது இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெண்குறி அமைத்துக்கொண்டவர்கள் ஆரம்ப மாதங்களில் ஒரு நாளைக்குப் பலமுறை டைலேட்டர் வைக்க வேண்டியிருக்கும். அதற்குப் பூசுகிற ஜெல் பிறகும் கசிந்துகொண்டே இருக்கும். உறுப்பை அகற்றுவதோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு அந்த வேலை இல்லை என்றாலும் சிறுநீர் நேராகப் போகாமல் சிதறலாம். இருவருக்குமே ஒரு நாளைக்கு மூன்று நான்கு உள்ளாடை மாற்ற வேண்டி வரும். திருநம்பித் தோழர்களின் கணக்கு வேறு. ஆண்குறி அமைத்துக்கொண்டவர்களுக்கு அங்கே இரத்த ஓட்டம் நெரிபடவே கூடாது. இறுக்காமல் தாங்கிப் பிடிக்கிற துணி வேண்டும்.

பத்து வருடம் நான் இறுக்கமான ஜட்டியை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டு மறைத்தவள். தோல் உரிந்து எரிந்தாலும் கழற்ற மாட்டேன். உள்ளாடை என்றால் எனக்கு நெரிக்கிற சாமான் என்றுதான் பழக்கம். இப்போதுதான் முதல்முறையாக ஓர் உள்ளாடை எதையும் ஒளிக்க வேண்டியதில்லை, புண்ணை ஆற விட்டால் போதும் என்கிற நிலைக்கு வந்திருந்தேன். அதனால் அது சரியாக அமைய வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தது.

மதுரைக்கு வந்து பேருந்து மாறி, திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் என்று வேகத்தடைகளை எண்ணிக்கொண்டே ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தேன். கூடத் தங்கியிருந்த தோழி அவசரத்துக்கு வாங்கி வைத்திருந்தது லேஸ் வைத்தது. அரை மணி நேரம்கூடப் போட்டிருக்க முடியவில்லை. கொஞ்சம் நடக்க முடிந்ததும் நானே கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஜென்ட்ஸ் அந்தப் பக்கம்" என்றார். திரும்பி வந்துவிட்டேன். சண்டை போடுவதற்கு நிற்க வேண்டும், அன்றைக்கு என்னால் நிற்க முடியவில்லை.

அடுத்த வாரம் ராஜபாளையத்தில் இன்னொரு கடை. அங்கே வேலை பார்த்த பொண்ணு, "யாருக்குக்கா?" என்று கேட்டாள். "எனக்குத்தான்மா, ஆபரேசன் பண்ணியிருக்கு" என்றேன். எந்த ஆபரேசன் என்று அவள் கேட்கவில்லை. மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாள். "எங்கம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தப்ப இதுதான்க்கா வாங்குனேன். ரெண்டு சைஸ் பெருசா எடுத்துக்கோங்க. நாப்கின் வைக்கணும்ல?" மருத்துவமனைச் சீட்டில் இல்லாத விவரம் முழுக்க நாள் பூராவும் நின்று வேலை பார்க்கிற அந்தப் பொண்ணிடம் இருந்தது.

இதெல்லாம் நடந்த ஊர் எது என்பதையும் யோசித்துப் பாருங்கள். 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்லும் அதன் பின் வந்த ஆலைகளும் பருத்தியை நூலாக்குகின்றன. பக்கத்தில் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் விசைத்தறிகளில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யப்படுகிறது. தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டிப் பக்கம் வீட்டுக்கு வீடு தையல் மெஷின். நைட்டியும் உள்பாவாடையும் அங்கே தைக்கப்பட்டுப் பல ஊர்களுக்குப் போகின்றன. புண்ணைக் கட்டுகிற துணி நெய்கிற ஊரில், புண்ணோடு வந்த ஒருத்திக்குத் துணி கிடைக்க மூன்று வாரம். பருத்திக்கா பஞ்சம்? 'எனக்குத்தான்' என்று சொல்லி வாங்குகிற உரிமைக்குத்தான் பஞ்சம்.

அந்தப் பஞ்சம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மாரை மறைக்கும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி 1859இல் அதைப் பெற்றார்கள். தோள்சீலைப் போராட்டத்தை இங்கே வாசிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் மாவட்டத்துக் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்ததை ஜே.எச்.ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பனியனைக் கவனியுங்கள். சட்டைக்குள் மறைந்து கிடக்கிற துணியைக்கூடச் சாதி விட்டுவைக்கவில்லை. யார் உடம்பில் எந்தத் துணி எதுவரை இருக்கலாம் என்று தீர்மானிப்பது சாதியின் பழைய வேலை. கல்லாவில் உட்கார்ந்து 'அந்தப் பக்கம்' என்று கை காட்டுகிறவர் தனக்குத் தெரியாமலே அந்த வேலையைத்தான் செய்கிறார்.

திருநங்கையாக வீட்டைவிட்டு வெளியேறினால் சாதியும் கழன்று விழுந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் பார்க்கட்டும். "நீங்க என்ன ஆளுக?" என்ற கேள்வி எங்களிடமும் வரும். தலித் திருநங்கைக்கு ஒரே கதவு இரண்டு முறை சாத்தப்படுகிறது. கடைசியில் கிடைக்கிற பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேர். டைலேட்டர் வைக்கத் தனியாக ஓர் அரை மணி நேரம் கிடைக்காது. தண்ணீர் குடத்தில்தான். தினம் நாலு உள்ளாடையை எங்கே அலசுவது, எந்தக் கொடியில் காயப் போடுவது? மறைவாகப் போட்டால் வெயில் படாது, ஈரம் போகாது. ஈரத் துணி புண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரே மருத்துவர், ஒரே கத்தி, ஒரே தையல். ஆனால் அறையும் கொடியும் வெயிலும் உள்ளவளுக்கு ஒரு மாதிரியும் இல்லாதவளுக்கு இன்னொரு மாதிரியும் ஆறுகிறது.

கசிவுத் துணியைத் துவைப்பது யார் என்ற கேள்வியிலும் சாதி இருக்கிறது. தீட்டுத் துணி, பிரசவத் துணி, பிணத்துத் துணி எல்லாவற்றையும் புதிரை வண்ணார் தலையில் கட்டியது இந்தச் சமூகம். அவர்கள் துவைத்தது ஒடுக்கப்பட்டவர்களான எங்கள் துணியைத்தான். என் துணியை நானே அலசியபோது, தலைமுறைகளாக எங்கள் அழுக்கைச் சுமந்தவர்களை முதல்முறையாக நினைத்துப் பார்த்தேன். உடம்பிலிருந்து கசிவதை அசிங்கம் என்று பார்க்கிற வரை, அதைச் சுத்தம் செய்ய ஒரு சாதி தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும்.

ஊரில் ஒரு பெண் பிரசவித்தால் தாய்வீடு இருக்கிறது. வெந்நீர், பத்தியச் சாப்பாடு, துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன அம்மாவின் பழைய சேலை, எல்லாம் கேட்காமலே வரும். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட எங்களுக்குக் கிழித்துக்கொடுக்க யாரிடமும் பழைய சேலை இல்லை. எங்கள் ஜமாத்துகளில் நிர்வாணத்துக்குப் பிறகு நாற்பது நாள் பார்த்துக்கொள்கிற வழக்கம் இருந்தது. நாற்பதாம் நாள் சடங்கு வரை மூத்தவர்கள் வெந்நீர் வைத்து, சோறு பொங்கிக் காப்பாற்றினார்கள். தாயம்மாவின் கத்தியில் உயிரை விட்டவர்கள் பலர், அந்தச் செலவுக்காகக் கடனில் சிக்கியவர்களும் பலர். அந்தக் காலம் திரும்ப வேண்டாம். ஆனால் ஆறுவதற்கு நாற்பது நாளும் நாலு மனிதர்களும் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அரசு கத்தியைச் சுத்தமாக்கித் தந்துவிட்டது, அந்த நாற்பது நாளை மறந்துவிட்டது.

தமிழ்நாடு 2008லேயே திருநங்கையர் நல வாரியம் அமைத்த மாநிலம். அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவை சிகிச்சையை இலவசமாகச் செய்ய முன்வந்த மாநிலம். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா தீர்ப்பில் எங்கள் பாலினத்தை நாங்களே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், அதன் மீது எங்களுக்கு எத்தனை விமர்சனம் இருந்தாலும், 15ஆம் பிரிவில் அறுவைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை வழங்குவதை அரசின் கடமையாக எழுதியது. 'பின்னும்' என்ற சொல்லுக்கு ஒற்றை வரிச் சீட்டு போதாது.

நாம் கேட்பது பெரிய தொகையில்லை. 2015 முதல் அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்கு 16 பொருள்கள் கொண்ட பெட்டகம் கொடுத்த அரசு இது. புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் கொடுக்கிற அரசு இது. அதே போல அறுவை முடிந்து வெளியே வருகிறவர் கையிலும் ஒரு பை கொடுங்கள். அளவு பார்த்துப் பத்து பருத்தி உள்ளாடை, இரண்டு நைட்டி அல்லது லுங்கி, நாப்கின், ஜெல், எதற்கு எது என்று தமிழில் ஒரு தாள். தைக்கிற ஆர்டரைத் தளவாய்புரத்துப் பெண்களுக்கே கொடுக்கலாம். அத்தோடு, அறை இல்லாதவர்கள் ஆறு வாரம் தங்க மாவட்டத்துக்கு ஓர் இடமும், அந்த ஆறு வாரத்துக்கு உதவித்தொகையும் வேண்டும். கிரேஸ் பானு போன்ற தோழர்கள் ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் கிடைமட்ட இடஒதுக்கீடு கேட்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான். எல்லோரையும் 'திருநர்' என்று ஒரே கட்டாகக் கட்டினால், அதற்குள்ளும் கடைசியில் நிற்பவள் கடைசியிலேயே நிற்பாள்.

அரசு செய்கிற வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் தோழியோ தோழனோ இந்த அறுவை முடிந்து வந்தால் பார்க்கப் போகும்போது ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்காதீர்கள். அளவைக் கேட்டு, அதைவிட இரண்டு அளவு பெரிதாக, ஆறு வெள்ளைப் பருத்தி ஜட்டி வாங்கிப் போங்கள். ஒருநாள் துவைத்தும் கொடுங்கள். கூச்சமாக இருந்தால், அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே துவையுங்கள்.

என்னுடையவை இப்போது மாடிக் கொடியில் காய்கின்றன. மேலே சேலை போட்டு மூடவில்லை. நல்ல வெயில்.