விட்டுப் போனவனுக்கு என்ன பாத்தியதை?

"ஊரை விட்டுப் போனவனுக்கு ஊர் ஆட்டத்தின் மேல் என்ன ஸார் பாத்தியதை? ஆசையிருந்தால் காசு கொடுத்துப் பார்க்கட்டுமே!" என்றார் ஒரு நண்பர். பேச்சு அயர்லாந்துக்காரர்களின் சொந்த ஆட்டங்களான ஹர்லிங்கையும் கேலிக் கால்பந்தையும் பற்றியது. கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. நியாயமல்ல என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

2017 செப்டம்பரில் பாஸ்டன் நகரில் என் தம்பி வீட்டில் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தச்சர். மேயோ கவுண்டியிலிருந்து வாலிபத்தில் வந்தவர். கவுண்டி என்பது நம் ஜில்லா மாதிரி. அங்கே மேயோவும் டப்ளினும் மோதிய கால்பந்து இறுதி ஆட்டத்தை, இங்கே ஞாயிற்றுக்கிழமை காலைப் பத்தரை மணிக்கு, பணம் கட்டி இன்டர்நெட்டில் பார்த்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார். மேயோ 1951-ல் கோப்பையை வென்றது. 1989 முதல் 2021 வரை பதினொரு இறுதி ஆட்டங்களில் தோற்றது. அன்றும் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. மனிதர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார்.

'ஜெயிக்கிற கட்சியோடு சேர்ந்துகொள்வதுதானே?' என்று கேட்பவர்களுக்கு இந்த ஆட்டம் புரியாது. இதில் ஆட்டக்காரனை விலைக்கு வாங்க முடியாது. அவனுக்குச் சம்பளமும் கிடையாது. எண்பதினாயிரம் பேருக்கு மேல் கூடும் டப்ளின் க்ரோக் பார்க்கில் ஞாயிறன்று ஆடியவன், திங்களன்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போவான். பெரும்பாலும் பிறந்து வளர்ந்த கவுண்டிக்குத்தான் ஆடுகிறான். ரஸிகனும் அப்படியே. தச்சர் ஊரை விட்டார். ஊர் அவரை விடவில்லை. கூலி வாங்காதவன் ஆடும் ஆட்டத்தில், பார்ப்பவனை மட்டும் வெறும் வாடிக்கைக்காரனாக்குவது என்ன தர்மம்?

1884-ல் பிறந்த கேலிக் விளையாட்டு ஸ்தாபனம் ஒரு காலத்தில் இதை அறிந்திருந்தது. 1947-ல் கால்பந்து இறுதி ஆட்டத்தையே நியூயார்க்குக்குக் கொண்டு போயிற்று. அன்று அயர்லாந்தில் இருந்தவர்கள்தாம் ரேடியோப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒலிபரப்புக்கு வாங்கிய நேரம் தீரப் போகிறதென்று, வர்ணனையாளர் மைக்கேல் ஓஹெஹிர் இன்னும் ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்று காற்றிலேயே கெஞ்சினார். தூரத்திலிருந்து ஆட்டத்தைப் பின்தொடர்வதன் தவிப்பு அன்று உள்ளூர்க்காரருக்கும் தெரிந்தது.

2014-ல் வெளிநாட்டு ரஸிகர்களுக்காகக் கட்டண ஒளிபரப்பு வந்தது. ஒன்பது வருஷம் அவர்கள் கட்டினார்கள். 2023-ல் சில ஆட்டங்களுக்கு உள்ளூர்க்காரரும் அதே வழியில் பணம் கட்ட வேண்டும் என்றவுடன் நாடே கொதித்தது. கிராமத்துக் கிழவர்கள் இன்டர்நெட்டுக்கு எங்கே போவார்கள் என்று கேட்டார்கள். அமைச்சர்கள் வரை பேசினார்கள். நல்ல கேள்விதான். பாஸ்டனில் இருக்கும் கிழவருக்காக அந்தக் கேள்வியை ஏன் முன்பே கேட்கவில்லை?

வரும்படியில் பெரும்பகுதி ஊர் மன்றங்களுக்கே போகிறது என்பார்கள். உண்மை. தச்சரும் அதற்காக முணுமுணுக்கவில்லை. ஓசியில் காட்டு என்று நானும் கேட்கவில்லை. கொடுப்பவன் அந்நியன் என்று நினைத்து வாங்காதீர்கள் என்கிறேன். மகன் அனுப்பும் மணியார்டரை வாங்கிக்கொண்டு, 'நீ யார்?' என்று கேட்கும் வீடு உண்டா?