வடம் பெரிதா? தேர் பெரிதா?

வைகாசி மாதத்தில் வில்லியனூரில் தேரோட்டம். திருக்காமீசுவரர் கோவில் தேர். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் கவர்னரே வந்து வடம் பிடிப்பார். இன்றும் துணைநிலை கவர்னர் வந்து வடம் பிடிக்கிறார்.

ஊரே கூடி இழுக்கிறது. நேரான வீதியில் தேர் கம்பீரமாகப் போகிறது. வீதி முனை வந்ததும் கதை மாறுகிறது. இழுக்கிறவர்கள் நூறு பேரா, ஆயிரம் பேரா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள்தான் அங்கே எஜமானர்கள். அவர்கள் கணக்கு தவறினால், இழுக்க இழுக்கத் தேர் திண்ணையை நோக்கித்தான் போகும்!

பார்முலா கார் பந்தயத்திலும் இதே கதைதான்.

வடம் இழுக்கிற கூட்டத்தைப் போன்றது என்ஜின். அதன் பலத்தை "குதிரை சக்தி" என்று சொல்லுகிறார்கள். அந்தப் பலத்தைத் தாங்கி, வண்டியை விழாமல் திருப்பிக் கொண்டு போவது அடிச்சட்டம். பட்டறைக்காரர்கள் அதை "சேசிஸ்" என்பார்கள். சட்டம், அச்சு, சக்கரம், ஸ்பிரிங், பிரேக், மேலே மூடியிருக்கும் உடல் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்க வேண்டும்.

காரோ, மோட்டார் சைக்கிளோ வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ஜின் எத்தனை பவர்?" என்றுதான். கேட்கட்டும். ஆனால் அதோடு நிறுத்திக் கொள்ளுகிறார்களே, அதுதான் தவறு.

பாகூர் வயலில் உழுகிற டிராக்டரைப் பாருங்கள். 45, 50 குதிரை சக்தி உள்ள டிராக்டர்கள் அங்கே சாதாரணம். மாருதி 800 காரின் என்ஜினுக்குச் சுமார் 40 குதிரை சக்திதான். அப்படியானால் டிராக்டர் அந்தக் காரை முந்த வேண்டாமா? முந்தாது. அது கனமானது. சேற்றில் கலப்பையை இழுப்பதற்கென்று அதன் பல்சக்கரங்களை அமைத்திருக்கிறார்கள். குதிரைகள் எத்தனை என்பது பாதிக் கேள்விதான். எந்த வண்டியில் பூட்டியிருக்கிறது என்பது மீதிக் கேள்வி.

காற்று அழுத்துகிறது

வளைவில் கார் ஏன் தடுமாறுகிறது? வண்டி முழுவதும் தரையைத் தொடுவது நாலு டயர்களின் அடியில் உள்ள சிறிது இடத்தில்தான். அந்தப் பிடி போனால் எல்லாம் போயிற்று. நாலு டயரும் எப்பொழுதும் தரையை விடாமல் பார்த்துக் கொள்ளுவது அடிச்சட்டத்தின் வேலை.

பந்தயக் காரின் முன்னும் பின்னும் இறக்கை போல ஒன்று இருக்கும். ஆகாய விமானத்தின் இறக்கை விமானத்தை மேலே தூக்குகிறது. பந்தயக் காரில் இறக்கையைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். ஆகவே, கார் வேகமாகப் போகப் போக, காற்று அதைத் தரையோடு அழுத்துகிறது. கனத்தைக் கூட்டாமல் பிடியைக் கூட்டும் தந்திரம் இது!

ஒரே என்ஜின், இரண்டு கார்

கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-ம் ஆண்டில் பார்முலா-1 பந்தயத்தில் கார் ஓட்டினார். அந்தப் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். அவருடைய "ஜோர்டான்" காரில் இருந்தது டொயோட்டா என்ஜின். டொயோட்டா கம்பெனியும் அதே என்ஜினைப் போட்டுத் தன் சொந்தக் கார்களை ஓட்டியது.

ஆண்டு முடிவில் டொயோட்டாவுக்கு 88 புள்ளிகள். ஜோர்டானுக்கு 12 புள்ளிகள்!

அந்த 12-லும் 11 புள்ளிகள் அமெரிக்காவில் நடந்த ஒரே பந்தயத்தில் கிடைத்தவை. டயர் கோளாறினால் மற்றவர்கள் விலகிக் கொள்ள, 6 கார்கள்தான் ஓடின. நரேன் 4-வதாக வந்தார். அதைக் குறைத்துச் சொல்லுவதற்கு இல்லை. ஓடியவருக்குத்தானே புள்ளி!

ஜோர்டான் சிறிய குழு. கையில் பணம் குறைவு. ஓட்டுகிறவர்களின் அனுபவமும் வேறு வேறு. இதையெல்லாம் கழித்தாலும், கடையில் வாங்கிய நல்ல என்ஜின் மட்டும் காரை முன்னால் கொண்டு போகவில்லை என்பது கண்கூடு.

2018-ம் ஆண்டு மொனாக்கோ நகரில் இன்னொரு வேடிக்கை. ஊருக்குள் குறுகலான தெருக்களில் ஓடும் பந்தயம் அது. ரிக்கியார்டோ என்ற ஆஸ்திரேலியர் முதலில் போய்க் கொண்டு இருந்தார். பாதி தூரம் போவதற்குள் என்ஜினின் துணைக் கருவி பழுதாகி, சுமார் 160 குதிரை சக்தி போய்விட்டது. ஆனாலும் அவரே ஜெயித்தார். குறுகிய தெருவில், பின்னால் வந்தவர்கள் தங்கள் பலத்தைக் காட்ட இடம் கிடைக்கவில்லை.

என்ஜின் வேண்டாமா?

வேண்டும். வடம் இல்லாமல் தேர் நகருமா? செங்குன்றம் அருகே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடந்தது. நீண்ட நேர்ப்பாதையில் பலமுள்ள என்ஜின் பறந்துவிடும். "வில்லியம்ஸ்" குழு 2013-ல் 5 புள்ளிகள் எடுத்து 9-வது இடத்தில் இருந்தது. மறு ஆண்டு மெர்சிடிஸ் என்ஜினுக்கு மாறியது. 320 புள்ளிகளோடு 3-வது இடத்துக்கு வந்தது. அன்று அதைவிடச் சிறந்த என்ஜின் இல்லை.

ஆனால் அப்படிப்பட்ட என்ஜின் செய்ய எத்தனை கோடி வேண்டும்? பெரிய நாடுகளின் பெரிய கம்பெனிகளால்தான் முடியும். சட்டத்தின் கதை அப்படி அல்ல.

கோவைக்காரர் காட்டிய வழி

கோவையில் எஸ்.கரிவரதன் என்பவர் இருந்தார். ஆலை நடத்தும் குடும்பத்தில் பிறந்தவர். இந்தியாவில் மலிவான பந்தயக் கார் இல்லையே என்று யோசித்தார். கையில் கிடைத்தது மாருதி 800 காரின் என்ஜின். மூன்று சிலிண்டர், 796 சி.சி. வீட்டாரைக் கடைவீதிக்கு அழைத்துப் போகிற காரின் என்ஜின்!

அதற்கேற்ப லேசான, தாழ்வான, ஒருவர் மட்டும் உட்காரும் காரை அவர் வடிவமைத்தார். அதுதான் "பார்முலா மாருதி". நரேன் கார்த்திகேயன் பந்தயத்தில் இறங்கிப் பழகியது அந்தக் காரில்தான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயப் பாதைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பாதையில் "பார்முலா பாரத்" என்ற போட்டி நடந்து வந்திருக்கிறது. பெரிய வீரர்களுக்கு அல்ல, கல்லூரி மாணவர்களுக்கு. பெட்ரோல் காரின் என்ஜினை வெளியில் வாங்கிக் கொள்ளலாம். ஆனால் 710 சி.சி.க்கு மேல் கூடாது. காற்று போகும் வழி 20 மில்லி மீட்டர்தான் இருக்கலாம். ஆக, என்ஜின் பலத்தில் ஒருவரை ஒருவர் அதிகம் மிஞ்ச முடியாது. சட்டத்தை மாணவர்களே கணக்குப் போட்டு வடிவமைக்க வேண்டும்.

வில்லியனூரிலும் பாகூரிலும் வெல்டிங் பட்டறைகள் இருக்கின்றன. கணக்கு படிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஆணும் பெண்ணும். பந்தயக் கார் என்றால் பணக்கார வீட்டு விளையாட்டு என்று பெற்றோர் ஒதுக்கி விடுகிறார்கள். ஓட்டுவதற்கு நிறையப் பணம் வேண்டும் என்பது உண்மைதான். சட்டத்தை வடிவமைக்கக் கற்றுக் கொள்ளுவதற்கு அவ்வளவு வேண்டாம். நோட்டுப் புத்தகத்தில் கார் படம் வரைகிற பிள்ளையைத் திட்டாமல், "இதன் அச்சு எங்கே? திரும்பும்போது கனம் எந்தப் பக்கம் சாயும்?" என்று கேட்கலாமே!

போட்டியில் முதல் வேகப் பரீட்சைக்கு முன்னால் வேறொரு பரீட்சை உண்டு. காரை ஒரு பெரிய பலகையில் நிறுத்தி, ஓட்டுகிறவரையும் உட்கார வைத்து, பலகையை 60 டிகிரி சாய்ப்பார்கள். சக்கரம் பலகையை விட்டுத் தூக்கக் கூடாது. ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகக் கூடாது. அதில் தேறிய பிறகுதான் கார் பாதையில் இறங்க முடியும்.