அந்தப் பொட்டலத்திலிருந்து சாணியின் பெயரை எடுங்கள்

மதிப்பிற்குரிய கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

காந்திபுரத்தில் முப்பது வருடமாகக் குடியிருக்கும் ஒரு குடும்பப் பெண் எழுதுகிறேன். திங்கட்கிழமை குறைதீர்ப்புக் கூட்டத்தில் இதை மனுவாகவே கொடுத்திருக்கலாம். ஆனால் நான் சொல்ல வருவதில் பாதி உங்களுக்கு. மீதிப் பாதி, என்னைப்போல விடியற்காலையில் வாசல் கூட்டுகிற பெண்களுக்கு. இரு தரப்பும் சேர்ந்து படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

நான் பிறந்தது அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில். கட்டுத்தறியில் எந்நேரமும் நாலு மாடு நிற்கும். கோழி கூப்பிடுகிற நேரத்தில் பாட்டி பச்சைச் சாணியை வாளித் தண்ணீரில் கரைத்து மண்வாசலில் தெளிப்பார். புழுதி அடங்கும். காய்ந்த பிறகு அந்தப் பச்சை நிறத்தின் மேல் அரிசிமாவுக் கோலம் பளிச்சென்று எழும். "வாசத் தொளிச்சாச்சா கண்ணு?" என்பதுதான் எங்கள் வீட்டில் அன்றாடம் காதில் விழும் முதல் பேச்சு.

கல்யாணமாகிக் காந்திபுரம் வந்தேன். நூறடி ரோட்டுக்குப் பின்னால் சந்து வீடு. வாசல் சிமெண்ட். சாணிக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு அக்காதான் வழி சொன்னார். மளிகைக்கடையில் கேட்டேன். "சாணிப்பவுடருங்களா? மஞ்சளா, பச்சையாங்க்கா?" என்றார் கடைக்காரர். எந்த மாடு இரண்டு நிறத்தில் சாணி போடும் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மஞ்சள் வாங்கினேன். கரண்டி நுனியில் எடுத்த பொடிக்கே வாளித் தண்ணீர் முழுக்க நிறம் மாறியது. நகக்கண்ணில் ஏறிய மஞ்சள் எத்தனை சோப்புப் போட்டாலும் நாலைந்து நாள் போகாது. தெருநாயின் பாதம்கூட மஞ்சளாக இருக்கும். வாசலுக்கு லட்சணம் வந்துவிட்டது என்ற திருப்தியில் பல வருடம் அதையே தெளித்தேன்.

பேத்திக்கு ஒன்றரை வயதிருக்கும்போது ஒரு நாள் காலையில் ஈர வாசலில் தவழ்ந்து போய்க் கையை வாயில் வைத்துவிட்டாள். உதடு, நாக்கு, மோவாய் எல்லாம் மஞ்சள். அள்ளிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பொடியில் என்ன இருக்கிறது? பாக்கெட்டைக் கொண்டு வந்தீர்களா?" கொண்டு போயிருந்தேன். ஆனால் அந்தப் பொட்டலத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. தயாரித்தவர் பெயர் இல்லை, உள்ளிருக்கும் பொருளின் பெயர் இல்லை, எச்சரிக்கை இல்லை. "சாணிப்பவுடருங்க டாக்டர்" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அப்போது அவர் முகம் மாறியதை நான் இன்னும் மறக்கவில்லை. நல்ல வேளையாகக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் கண்காணிப்பு முடிந்து வீடு திரும்பினோம்.

அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். அந்த மஞ்சள் பொடி ஆரமைன்-ஓ. பச்சைப் பொடி மாலகைட் கிரீன். இரண்டும் செயற்கைச் சாயங்கள். நூல், சணல், காகிதம், தோல் ஆகியவற்றுக்கு நிறமேற்றவென்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கண்டுபிடிக்கப்பட்டவை. சாயத் தொழில் நம் மண்ணோடு கலந்தது. சாயம் எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது என்பது இந்தக் கொங்குச் சீமைக்குத் தெரியாததல்ல. ஆரமைனுக்கு நல்ல வேலையும் உண்டு. சளி மாதிரியில் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிக்க ஆய்வகங்களில் இந்தச் சாயத்தையும் பயன்படுத்துகிறார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் இருட்டுப் பின்னணியில் கிருமி மஞ்சளாக ஒளிரும். ஆய்வகத்தில் அதைக் கையாளுகிறவர் கையுறை போட்டிருப்பார். நாமோ வெறுங்கையால் கரைத்துக் குழந்தை தவழ்கிற இடத்தில் தெளிக்கிறோம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, ஆரமைன் தயாரிக்கும் தொழிலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மாலகைட் கிரீனை உணவுக்கான மீன் வளர்ப்பில் பயன்படுத்தக் கூடாது என்று பல நாடுகள் தடுத்திருக்கின்றன. இந்தச் சாயங்கள் உடலுக்குள் போனால் முறிப்பதற்கென்று தனி மருந்து கிடையாது. மருத்துவர்கள் அந்தந்த உறுப்பைத் தாங்கிப் பிடித்துத்தான் ஆளைக் காப்பாற்றப் போராட வேண்டும்.

இத்தனைக்கும் இந்தப் பொடி எதையும் சுத்தம் செய்வதில்லை. அழுக்கை எடுக்காது, எண்ணெய்ப் பிசுக்கை நீக்காது. சிமெண்ட் தரைக்குச் சாணம் மெழுகியது போன்ற தோற்றத்தைத் தருகிறது, அவ்வளவுதான். தெளித்த நீர் சாக்கடை வழியாகப் போய்ச் சங்கனூர்ப் பள்ளத்தில் விழுந்து சிங்காநல்லூர்க் குளம்வரை போகிறது.

ஆட்சியர் அவர்களே, இதைவிடக் கனமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் மனம் உடைந்துபோன எத்தனையோ பேரின் உயிரை இந்தப் பொடி பறித்திருக்கிறது. நம் ஊர் மருத்துவர்கள் இதைப் பற்றி மருத்துவ இதழ்களில் தொடர்ந்து எழுதி வந்திருக்கிறார்கள். இந்தியாவின் வேறு பகுதிகளில் இருக்கும் மருத்துவர்களுக்குப் பெயர்கூடத் தெரியாத நஞ்சு, இங்கே தீவிரச் சிகிச்சைப் பிரிவில் பழகிப்போன ஒன்றாகிவிட்டது. 2022-இல் அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் சாணிப்பவுடரைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, தடுக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்றார். தடை என்ற சொல் அதற்கு முன்பும் வந்தது, பின்பும் வந்தது. பொட்டலம் மட்டும் போகவில்லை.

"சாக நினைக்கிறவன் இது இல்லாவிட்டால் வேறொன்றைத் தேடுவான்" என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு என்பதற்கு இலங்கையே சாட்சி. 1995-ஐ ஒட்டி அந்த நாட்டில் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடுத்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. விபரீத எண்ணம் பலருக்கு ஒரு நேரத்துக் கொந்தளிப்பாக வந்து போவது. அந்த நேரத்தில் நஞ்சு கைக்கெட்டாமல் இருந்தால் மனிதர் மிஞ்சுகிறார். மறுநாள் பேச ஆள் கிடைக்கிறது. இதைப் படிக்கும் யாருக்காவது அப்படி ஒரு பாரம் இருந்தால், 104 அல்லது 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இவ்வளவு தீங்கான ஒன்று இத்தனை காலம் நம் வீடுகளுக்குள் எப்படி நின்றது? சாணி என்ற பெயரால்தான் என்று நினைக்கிறேன். பாட்டி கரைத்த சாணியின் மேல் நமக்கிருந்த நம்பிக்கையை அப்படியே திருடி வைத்திருக்கிறது இந்தப் பெயர். "துணிச்சாயம்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் என் பேத்தி தவழும் வாசலில் நான் தெளித்திருப்பேனா?

இதே திருட்டு நம் கழிவறையிலும் நடக்கிறது. தெருவில் வண்டியில் கூவி விற்கும் ஆசிட்டைப் பழைய தண்ணீர் பாட்டிலிலும் கலர் பாட்டிலிலும் ஊற்றித் தருகிறார்கள். தாகத்தோடு வரும் பிள்ளைக்கு அது தண்ணீர் பாட்டில்தான். அங்கே பெயரைத் திருடினார்கள், இங்கே உருவத்தை. ஆசிட் விற்பனையை முறைப்படுத்தி உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 18-இல் உத்தரவிட்டது. வாங்குகிறவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்கக் கூடாது என்று அது சொல்கிறது. தண்ணீர் பாட்டிலில் வரும் ஆசிட்டுக்கு எந்தப் பதிவேடு?

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இந்த நிலைமைதான். வீட்டில் சுத்தம் செய்ய வைத்திருந்த காரத்தைச் சர்க்கரை என்று நினைத்து விழுங்கிய குழந்தைகளின் உணவுக்குழாய் வெந்துபோனது. அவர்களுக்குச் சிகிச்சை அளித்துவந்த செவாலியர் ஜாக்சன் என்ற தொண்டை மருத்துவர், "நஞ்சு" என்று புட்டியின் மேல் எழுத வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். 1927-இல் அதற்கென்றே சட்டம் வந்தது. புட்டியின் மேல் ஒட்டும் ஒரு துண்டுக் காகிதத்துக்காக ஒரு மருத்துவர் அவ்வளவு பாடுபட்டார் என்றால், அந்தக் காகிதத்தின் மதிப்பை அவர் அறிந்திருந்தார். பெயரில்லாத பொட்டலத்தோடு மருத்துவர் முன்னால் நின்ற எனக்கும் அது தெரியும்.

ஆட்சியர் அவர்களிடம் நான் கேட்பவை நான்கு.

முதலாவது, எந்தச் சாயமும் "சாணி" என்ற பெயரில் நம் மாவட்டத்தில் விற்கப்படக் கூடாது. சின்ன மளிகைக்கடைக்காரரைப் பிடித்து அபராதம் போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். அவருக்கு மூட்டையாகக் கொடுக்கும் மொத்த வியாபாரிவரை போங்கள். 1919-ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டம், நஞ்சு விற்பனைக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது. இந்தச் சாயங்களின் சில்லறை விற்பனைக்கு அதன்கீழ் கடுமையான விதி வேண்டும் என்று அரசுக்கு நீங்கள் எழுதினால் அதற்குக் கனம் இருக்கும். பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி சாயம் இருந்ததற்காக 2024 பிப்ரவரியில் தமிழக அரசு எவ்வளவு வேகமாகத் தடை போட்டது என்பதைப் பார்த்தோம். அந்த வேகம் இதற்கும் வேண்டும்.

இரண்டாவது, பருப்புக்கும் சர்க்கரைக்கும் நடுவில் இந்தப் பொட்டலம் தொங்கக் கூடாது. உணவோடு ரசாயனத்தைச் சேர்த்து வைக்கக் கூடாது என்பது ஏற்கெனவே இருக்கும் உணவுப் பாதுகாப்பு விதி. கடைகளைப் பார்வையிடும் அலுவலர்களை இதற்கென்றே ஒரு சுற்றுப் போகச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஆசிட், பினாயில், பிளீச்சிங் எதுவானாலும் குடிக்கும் பாட்டிலில் விற்பதைத் தடுங்கள். தெருத்தெருவாக வண்டி தள்ளுகிறவரின் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. அவருக்கு வேறு நிறப் புட்டியும், தமிழில் எச்சரிக்கை எழுதிய சீட்டும் கிடைக்க வழி செய்யுங்கள்.

நான்காவது, மாற்று. வாசல் தெளிக்காதே என்று எங்கள் பெண்களிடம் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன். நிஜமான சாணத்தை உலர்த்திச் சலித்துப் பொட்டலமாக்கும் வேலையை மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொடுங்கள். மாடு வைத்திருக்கும் கிராமத்துப் பெண்ணுக்கு அது வருமானம், நகரத்து வாசலுக்கு அது நிம்மதி. எப்படிப் பதப்படுத்துவது என்று சொல்ல வேளாண் பல்கலைக்கழகம் நம் ஊரிலேயே இருக்கிறது.

இனி என் தெருப் பெண்களுக்கு. சாணம் கிருமியைக் கொல்லும் என்று நான் சொல்ல வரவில்லை. சிமெண்ட் வாசலுக்குச் சுத்தமான தண்ணீரும் துடைப்பமுமே போதும், மங்கலத்துக்கு ஒரு சிட்டிகை சமையல் மஞ்சள் கரைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள்ளும் நமக்கு வேண்டியது கொஞ்சம்தான். தரைக்குச் சோப்புத் தண்ணீர். பித்தளைக்குப் புளி. எண்ணெய்ப் பாத்திரத்துக்குப் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர். அதில் நுரை வருவது சபோனின் என்ற இயற்கைப் பொருளால். குழாயில் படியும் உப்புக்கறைக்கு எலுமிச்சை மூடியோ வினிகரோ தேய்த்துக் கால் மணி நேரம் விட்டுக் கழுவினால் இளகும். நோயாளி இருக்கும் வீட்டில் பிளீச்சிங் தேவைப்படலாம், அப்போது அதைத் தனியாகவே பயன்படுத்துங்கள். பிளீச்சிங்கையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு. 1915-இல் போர்க்களத்தில் வீரர்கள்மேல் ஏவப்பட்ட அதே வாயு. பிளீச்சிங்கோடு வினிகரைச் சேர்த்தாலும் அதுதான் வரும். கதவு சாத்திய சின்னக் கழிவறையில் அதைச் சுவாசிப்பது நாமாகவோ, நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாவாகவோ இருக்கும்.

குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், புட்டியையோ பொட்டலத்தையோ மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள்.

என் பேத்திக்கு இப்போது ஏழு வயது. மார்கழியில் எனக்கு முன்னால் எழுந்து கோலப்பொடி டப்பாவோடு நிற்கிறாள். வெறும் தண்ணீர் தெளித்த வாசலில் அவள் போடும் கோலம் கொஞ்சம் கோணல்தான், ஆனால் கையை வாயில் வைத்தாலும் நான் பதறுவதில்லை. இந்த நிம்மதி மாவட்டத்தின் எல்லா வாசலுக்கும் வர உங்கள் ஒரு கையெழுத்து பெரிய உதவியாக இருக்கும். அருள்கூர்ந்து போடுங்கள்.

இப்படிக்கு,
காந்திபுரத்திலிருந்து,
தினமும் வாசல் தெளிக்கும் ஒருத்தி