நடந்து போனவரின் நஷ்டஈடு

சாலையைக் கடக்கையில் வண்டி மோதி இடுப்பெலும்பு முறிந்த பூக்காரம்மாவுக்குத் தன் பெயரில் பாலிசி எதுவும் வேண்டியதில்லை. மோதிய வண்டியின் மூன்றாம் நபர் காப்பீடே அவருக்குப் பொறுப்பு. அதற்காகத்தான் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இது தெரியாமல், வண்டிக்காரர் கையில் திணிக்கும் சில ஆயிரங்களை வாங்கிக்கொண்டு, 'கேஸ் வேண்டாம்' என்று வெள்ளைத் தாளில் கைநாட்டு வைத்துவிடுகிறவர்கள் உண்டு. பிறகு எஃப்ஐஆர் இல்லாமல் தீர்ப்பாயத்தில் வழக்கு நொண்டுகிறது.

விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற கெடுவும் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. படுத்த படுக்கையாய்க் கிடப்பவரிடம் காலண்டரைக் காட்டுவது என்ன நியாயம்? இந்தப் பிரிவை நாடாளுமன்றம் திருத்தியே ஆக வேண்டும்.

மோதிவிட்டு ஓடிய வண்டி அகப்படவில்லை என்றால், உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். அதற்கு வருவாய்த் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். இதையும் எத்தனை பேர் அறிவார்கள்?

பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் படிவத்தை விசாரணை அதிகாரி 10 நாளுக்குள் தர வேண்டும் என்கின்றன 2022ஆம் ஆண்டு விதிகள். அதை எளிய தமிழில் அச்சிட்டு, ஆஸ்பத்திரிப் படுக்கைக்கே கொண்டுபோய்க் கொடுக்கக் காவல்துறைத் தலைமை உத்தரவிட வேண்டும்.