ஒழுகும் தொட்டி யார் தலையில்?

வாடகை வீட்டில் குடியிருக்கும் தொழிலாளத் தோழர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கமானது. இரவு ஷிப்டு முடிந்து வந்து பாயில் தலை சாய்த்தால், கழிவறைத் தொட்டியிலிருந்து தண்ணீர் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரரிடம் சொன்னால், “இழுத்து இழுத்துக் கெடுத்தவர்கள் நீங்கள்; நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்பார். பார்க்காமல் விட்டாலோ, மோட்டார் கரண்டுக் கணக்கிலே அது வந்து நிற்கும். நிமிடத்துக்கு 100 மில்லி லிட்டர் கசிந்தால் நாளொன்றுக்கு 144 லிட்டர்! 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்துக் கிடந்த சென்னைக்கு 144 லிட்டர் என்றால் என்னவென்று நாம் சொல்லவா வேண்டும்?

‘கக்கூஸ் தொட்டிக்கு ஒரு தலையங்கமா?’ என்று முகம் சுளிக்கும் கனவான்கள் இருப்பார்கள். அவர்கள் சொந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதுதான் அதற்குப் பொருள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் அட்டவணை, பழுது வேலைகளை இரு தரப்புக்கும் பங்கு போடுகிறது. கட்டடத்தின் பழுது, வெள்ளையடிப்பு, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, கழிவறைப் பழுது ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் அவருடையது. தொட்டிக்குள் விழுந்த தண்ணீர் நம்முடையது!

அதே சட்டம், இயல்பான தேய்மானம் நீங்கலாக வீட்டை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நாம் கேட்கிறோம்: பத்தாண்டு தண்ணீரிலே கிடந்து இறுகிப்போன ரப்பர் வாஷர் தேய்மானம் இல்லையென்றால், வேறு எதுதான் தேய்மானம்? போன மாதம் குடிவந்தவன் அதற்கு எப்படிப் பொறுப்பாவான்? நான்கு குடித்தனத்துக்கு ஒரே கழிவறை உள்ள ஸ்டோர் வீட்டில், அந்தக் ‘குடியிருப்பவர்’ நால்வரில் யார்?

வீட்டுக்காரர் தம் வேலையைச் செய்யாவிட்டால், குடியிருப்பவர் செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். குடியிருப்பவர் செய்யாவிட்டால் வீட்டுக்காரர் முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம். காகிதத்திலே தராசு நேராகத்தான் நிற்கிறது. ஆனால் பணம் யார் கையில்? முன்பணம் ஏற்கெனவே அவர் பெட்டியில் இருக்கிறது. வாடகையில் கழித்தவனுக்கோ, அடுத்த மாதமே “வேறு வீடு பார்த்துக்கொள்” என்ற பதில் வருகிறது.

ஆகவே சட்டம் திருந்தும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆலையிலே எந்திரத்தைப் பிரித்து மாட்டுகிற கைக்கு இந்தத் தொட்டி எம்மாத்திரம்? மூடியைத் திறந்து பாருங்கள். மிதவைப் பந்து, அது மேலே வந்ததும் தண்ணீரை அடைக்கும் பால் வால்வு, நிரம்பினால் வழிந்தோட ஒரு குழல், அடியில் வாயை மூடும் வாஷர் – பெரும்பாலான பிளாஸ்டிக் தொட்டிகளில் இவ்வளவுதான். குழலின் உச்சிவரை தண்ணீர் ஏறி வழிந்தால் குற்றம் பந்திலோ பால் வால்விலோ இருக்கிறது. பந்தைச் சற்றுத் தாழ்த்தினாலே நின்றுவிடுவதும் உண்டு. வழியவில்லை, ஆனாலும் கீழே கசிகிறதா? வீட்டிலுள்ள சொட்டு நீலத்தைத் தொட்டியில் நாலு துளி விட்டு, அரைமணி நேரம் யாரும் கழிவறையைப் பயன்படுத்தாமல் பாருங்கள். பீங்கானிலே நீலம் தெரிந்தால் அடி வாஷர் போயிற்று. பக்கத்திலுள்ள ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, பழைய வாஷரைக் கழற்றிக் கடைக்கே கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள். அளவு பாராமல் வாங்கி இரண்டு முறை நடந்த தோழர்களை நாம் அறிவோம்! பழையதை எறிய வேண்டாம், ரசீதோடு வைத்திருங்கள். குடிபோகும் அன்றே தொட்டியின் உள்ளே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். முன்பணக் கணக்குத் தீர்க்கும் நாளில் அது பேசும்.

நம் பிள்ளை தொங்கிப் பிடி ஒடிந்தால் அந்தச் செலவு நம்முடையதே. அதை மறுப்பது நியாயமல்ல. ஆனால் விரிசல் விட்ட தொட்டியும், சுவருக்குள் புதைத்த தொட்டியும், நாம் வருமுன்பே செத்துப்போன வால்வும் நம் தலையில் விழக்கூடாது. ‘கழிவறைப் பழுது’ என்று அட்டவணையிலே கிடக்கும் அந்த ஒற்றை வரியை அரசு இரண்டாகப் பிரிக்கட்டும்: பயன்படுத்துவோர் கெடுத்தது குடியிருப்பவருக்கு, காலம் கெடுத்தது வீட்டுக்காரருக்கு, பொதுக் கழிவறையானால் முழுவதும் வீட்டுக்காரருக்கு. அடுத்த சட்டமன்றக் கூட்டத்திலேயே இதைச் செய்யலாம்.