கசாயம் குடிப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்



சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி, நெஞ்சுக்கும் மனசுக்கும் நல்லது என்று மருதம்பட்டை, செம்பருத்திப் பூ, துளசி, பூண்டு என்று வரிசையாக எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டிலும் இதெல்லாம் உண்டு. ஆனால் அதைப் படித்ததும் எனக்கு இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மாதம்தான் கண்முன் வந்தது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் வீட்டில் நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக்கூடாதே என்ற வெசனத்தில் எழுதுகிறேன்.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாமா காலமான பிறகு அத்தை தோட்டத்துச் சாளையில் தனியாகவே இருந்தார். "ஊருக்குள்ள வந்து எங்களோட இருங்க அத்தை" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாச்சு. "எருமையை யாரு கண்ணு பாக்கறது?" என்பார். பத்து வருஷமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர். 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள். அதனால் நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

ஒருநாள் விடியக்காலம் பால் கறக்கப் போனவருக்கு முதுகில் வலி. தாடை இழுத்துப் பிடித்த மாதிரி இருந்திருக்கிறது. வேர்த்துக் கொட்டியிருக்கிறது. வாயுதான் என்று முடிவு பண்ணி, பூண்டைச் சுட்டுத் தின்று, ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். சொஸைட்டிக்குப் பால் வரவில்லை என்று ஆள் வந்து பார்த்து எங்களுக்குச் சொல்லும்போது மணி பத்து. ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்த டாக்டர், "ஆறு மணி நேரமா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார். மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி போனது போனதுதான். இன்றைக்கும் நாலு படி ஏறினால் அத்தைக்கு மூச்சு வாங்குகிறது.

வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, இல்லை என்று நானே சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பத்து நாள் கழித்துச் சாளையைக் கூட்டும்போது அரிசி மூட்டைக்குப் பின்னால் பிரிக்காத மாத்திரை அட்டைகள் கிடைத்தன. இரண்டு மாத மாத்திரை! அடுப்பு மேடையில் ஒரு டப்பா நிறைய மருதம்பட்டை. கேட்டால், "கசாயம் குடிச்சா மாத்திரை வேண்டாம்னு சொன்னாங்க. உங்ககிட்டச் சொன்னா சத்தம் போடுவீங்க" என்கிறார்.

கசாயத்தால் மாரடைப்பு வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மருதம் ஒன்றும் நேற்று வந்த மரம் இல்லை. ஆற்றங்கரையில் நிற்கிற மரம், மருத நிலத்துக்கே பேர் கொடுத்த மரம், திருவிடைமருதூரில் தலமரம். வாக்படர் காலத்திலிருந்தே நெஞ்சு நோய்க்கு அதன் பட்டையைப் பாலில் காய்ச்சிக் கொடுத்து வந்திருக்கிறார்கள். இப்போதும் நெஞ்சுவலிக்காரர்களிடம் சிறிய அளவில் ஆய்வு செய்து, ஓரளவு பலன் தெரிவதாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மட்டும் குடிக்கலாம் என்று சொல்கிற அளவுக்கு அந்த ஆய்வுகள் போதாது. இந்தக் கடைசி வரிதான் வாட்ஸ் அப்பில் வருவதில்லை.

செம்பருத்தியும் அப்படித்தான். பி.பி. கொஞ்சம் இறங்குகிறது என்று ஆய்வில் பார்த்தது நம் வாசலில் பூக்கிற செம்பருத்தியை இல்லை. புளிச்சைக் கீரை இனத்தைச் சேர்ந்த சிவப்புப் புளிச்சையின் புல்லி இதழில் போட்ட டீயை. இரண்டும் ஒரே குடும்பம்தான், அதற்காக அக்காவுக்கு எழுதின சீட்டில் தங்கைக்கு மருந்து வாங்கலாமா? பூண்டு குழம்பில் இருக்கும்வரை கவலை இல்லை. ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பச்சைப் பூண்டை நிறைய மென்று தின்றால் ரத்தக்கசிவு ஏற்படலாம் என்று எங்கள் டாக்டர் சொன்னார். அத்தை தினம் ஆறு பல் தின்றுகொண்டிருந்தார்!

மூலிகையைக் கேவலமாகப் பேசுகிற டாக்டர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கொடுக்கிற மருந்திலேயே செடியிலிருந்து வந்தது எத்தனை! இதயம் பலவீனமானவர்களுக்கு இன்றும் கொடுக்கிற டிகாக்சின், டிஜிட்டாலிஸ் என்கிற செடியினத்திலிருந்து எடுப்பது. இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் என்ற ஊர்ப்பக்கம் ஒரு கிழவி, உடம்பில் நீர் கோத்து வீங்குகிறவர்களுக்கு இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் சேர்த்து மருந்து கொடுத்து வந்தாளாம். அதை எப்படிச் செய்கிறாள் என்பது ரகசியம். 1775-ல் வில்லியம் விதரிங் என்ற டாக்டரிடம் அந்த மருந்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்டபோது, இதில் வேலை செய்வது இந்த ஒரு செடிதான் என்று கண்டுபிடித்தார். பிறகு பத்து வருஷம், யாருக்கு எவ்வளவு கொடுத்தேன், யாருக்கு வாந்தி வந்தது என்று குறித்து வைத்து 1785-ல் புத்தகம் போட்டார். கிழவியின் பேர்தான் அதில் இல்லை. நம் பாட்டிமார் கதையும் அதுதானே! ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த டாக்டர் புதிதாகச் சேர்த்தது அளவு. அந்தச் செடி கொஞ்சம் கூடிப்போனால் ஆளைக் கொன்றுவிடும்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக் கிழங்கு போடாத ஊர் உண்டா? செங்காந்தள் என்று மாநிலப் பூவாக வைத்திருக்கிறார்களே, அதே செடிதான். காலையில் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைக்கிற வேலைக்கு நம் பெண்கள்தான் போகிறார்கள். அதன் விதையிலிருந்து எடுக்கிற கால்ச்சிசின் கௌட் என்கிற மூட்டு வீக்கத்துக்கு நெடுங்காலமாகக் கொடுக்கிற மருந்து. 2023-ல் அமெரிக்காவில் அதையே இதய ரத்தக்குழாய் நோய்க்கும் அனுமதித்தார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தெரியுமா? அரை மில்லிகிராம்! அதுவும், மாரடைப்பு வந்த கையோடு கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை என்று 2024-ல் எழுதினார்கள். எந்த நோயாளிக்கு என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் பேச்சு ஓயவில்லை. அந்தக் கிழங்கைத் தின்றால் என்ன ஆகும் என்று நம் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பயிர் செய்கிற நமக்கே கையில் எடுத்து அளக்க முடியாத மருந்து அது. வேலியோரத்து அரளியும் இதயத்தில் வேலை செய்கிற விஷம்தான். 2024 மே மாதத்தில் கேரளத்துத் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்தில் அரளிப்பூ சேர்ப்பதையே நிறுத்தின.

மனசுக்கும் நெஞ்சுக்கும் உள்ள சம்பந்தத்தைச் சர்ப்பகந்தி மாதிரி எந்தச் செடியும் காட்டவில்லை. 1949-ல் பம்பாய் டாக்டர் ரஸ்டம் ஜால் வக்கீல் அந்த வேரால் ரத்த அழுத்தம் குறைவதை ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் எழுத, உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-ல் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். பி.பி. இறங்கியது. ஆனால் சாப்பிட்டவர்களில் சிலருக்கு மனசு சோர்ந்து போனதாக டாக்டர்கள் எழுதினார்கள். நெஞ்சுக்கு நல்லதென்று கொடுத்தது சிலருக்கு மனசை அழுத்திவிட்டது. இதேபோல, அளவில்லாத துக்கத்திலும் அதிர்ச்சியிலும் இதயத்தின் கீழ்ப்பகுதி ஊதிப்போய், மாரடைப்பு போலவே வலிக்கிற ஒரு நோயை 1990-ல் ஜப்பான் டாக்டர்கள் எழுதினார்கள். அது பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்குத்தான் வருகிறதாம். 'நெஞ்சு வெடிச்சுப் போச்சு' என்று எழவு வீட்டில் சொல்வது வெறும் பேச்சு இல்லை போலிருக்கிறது.

இதை நான் படித்தது அத்தைக்காக. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு சாயங்காலம், கோபத்தை அடக்கிக்கொண்டு, "ஏனுங்க அத்தை, மாத்திரை கசந்துச்சுங்களா?" என்று கேட்டேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அதெல்லாம் இல்ல அம்மிணி. பக்கத்துத் தோட்டத்துக்காரி தினமும் பொழுது சாய வருவா. பட்டையை இடிக்கறது அவ, அடுப்பு மூட்டறது நானு. அது சுண்டறவரைக்கும் உங்க மாமனாரப் பத்திப் பேசிட்டு இருப்போம். மாத்திரை கொண்டாந்து குடுக்கறவங்க நல்ல புள்ளைங்கதான், ஆனா நின்னு பேச அவங்களுக்கு எங்க நேரம்?"

எனக்குச் சுருக்கென்றது. அத்தைக்கு மனசு இலகுவானது பட்டையால் இல்லை, அது சுண்டுகிற அந்த முக்கால் மணி நேரத்தால். நாங்கள் ஒருநாள் கூட அப்படி உட்கார்ந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை போவோம், காய்கறி எடுத்துக்கொண்டு, பாலை ஊற்றிக்கொண்டு வந்துவிடுவோம்.

ஆகவே சகோதரிகளே, என் அபிப்பிராயம் இதுதான். பெரியவர்களின் கசாயத்தைக் கொட்டாதீர்கள், சத்தமும் போடாதீர்கள். சத்தம் போட்டால் மறைப்பார்கள், அத்தை மறைத்த மாதிரி. என்ன குடிக்கிறார்கள், எவ்வளவு குடிக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு சீட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். சித்த மருந்துதான் வேண்டுமென்றால் அதற்கும் படித்த சித்த மருத்துவர்கள் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே இருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்துவது மட்டும் நாமாகச் செய்யக்கூடாது.

இன்னொன்று, வாயு. நம் பெண்களுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற மாதிரிதான் மாரடைப்பு வரும் என்பதில்லை. முதுகு, தாடை, கை வலி, காரணமில்லாத அசதி, குமட்டல், மூச்சு முட்டல், வேர்வை என்றும் வரும். அப்போது ஓமத்தைத் தேடாமல் 108-க்குப் போன் பண்ணுங்கள். 2023-லிருந்து 'இதயம் காப்போம்' என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். வாயுவாகவே இருந்து திரும்பி வந்தால் வெட்கம் ஒன்றும் இல்லை.

அத்தை இப்போதும் தோட்டத்தில்தான் இருக்கிறார். எருமையை விற்றாச்சு. மாத்திரை டப்பா பக்கத்துத் தோட்டத்து அக்கா பொறுப்பில்! அவர் கையால் கொடுத்தால்தான் அத்தை வாங்குகிறார். பொழுது சாய இருவரும் அடுப்பு மூட்டுகிறார்கள். மருதம்பட்டைக்குப் பதில் இப்போது சுக்குமல்லிக் காபி, டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான். வாரத்தில் இரண்டு நாள் நானும் போய் உட்காருகிறேன். மாமா உழவு மாடு வாங்கக் கண்ணபுரம் சந்தைக்குப் போன கதையை இதுவரை ஒன்பது தடவை கேட்டாச்சு.

– ஒரு வாசகி, வெள்ளகோவில்.