ஒரே வாரத்தில் மூன்றை மாற்றினேன்

சில மாதங்களுக்கு முன் பழைய பேஸ் கித்தார் ஒன்றை 400 வெள்ளிக்கு வாங்கினேன். மெட்டுகள் இல்லாத வகை. வீணைக்கும் வயலினுக்கும் என்ன வேறுபாடோ, அதுதான் சாதாரண பேஸ் கித்தாருக்கும் இதற்கும். வீணையில் சுரத்தின் இடத்தை மெட்டு காட்டிவிடும். வயலினில் விரலும் காதும் தேடிப் பிடிக்க வேண்டும்.

வாங்கி வந்த கித்தாரில் மூன்று குறைகள் இருந்தன. ஆம்ப்ளிபையரில் இணைத்தால் ஓயாத ரீங்காரம். விரல் வைக்கும் பலகையில் கம்பி அரித்த பள்ளங்கள். ஒலியோ, போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல மந்தம்.

ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் கழற்றினேன். பலகையைத் தேய்த்து எப்பாக்சி பூசிக் காயவிட்டேன். 250 வெள்ளிக்குப் புதிய பிக்கப் வாங்கினேன். கம்பிகளும் புதிது. அடுத்த சனிக்கிழமை பூட்டி வாசித்தால் ஒலி பளிச்சென்று இருந்தது. மூன்றில் எதனால் என்று எனக்குத் தெரியவில்லை. ரீங்காரம் மட்டும் இம்மியும் குறையவில்லை.

அதே வாரம்தான் ஒரு மாணவனின் அறிக்கையில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தேன். ஊசலின் நீளத்தையும் குண்டின் எடையையும் அவன் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டிருந்தான். இப்படிச் செய்தால் முடிவு செல்லாது என்று எழுதிப் புள்ளியையும் குறைத்தேன்.

தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி. தமிழ்ப்பள்ளியிலேயே நம் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் அதையே வேறு மொழியில் மனப்பாடம் செய்கிறார்கள். பெயரைச் சரியாக எழுதினால் புள்ளி கிடைக்கும். அது எதற்குத் தேவை என்பது மட்டும் பலருக்கும் உறைப்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாம் தரும் பரிசோதனைகளில் விடை முன்கூட்டியே தெரியும். தவறாகச் செய்தாலும் யாருக்கும் எதுவும் நட்டமில்லை. பழுது பார்ப்பதில் நட்டமுண்டு. எனக்கு 250 வெள்ளி.

ரீங்காரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான முறை சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிதான் பிக்கப். கித்தார் கம்பி அதிரும்போது சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே காட்டிய மின்காந்தத் தூண்டல்தான் இது. ஆனால் வீட்டு மின்சாரத்தின் இரைச்சலும் இதே வழியாக உள்ளே வந்துவிடும். நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸ். அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸும் கூடவே வரும். பேஸ் கித்தாரின் ஆக மெல்லிய கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் 98 ஹெர்ட்ஸ். இரண்டும் சேரும்போது நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். பாடநூலில் விம்மல் என்று படித்ததை அன்று என் அறையிலேயே கேட்டேன்.

பிறகுதான் மூளை வேலை செய்தது. நல்ல நிலையில் உள்ள கித்தாரில், கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைய வேண்டும். ஏனென்றால் கம்பிகளைத் தாங்கும் உலோக பிரிட்ஜிலிருந்து உள்ளே ஓர் எர்த் வயர் போகும். என் கித்தாரில் கம்பியைத் தொட்டேன், மாற்றமில்லை. கேபிள் செருகும் இடத்தின் உலோக வளையத்தைத் தொட்டேன், சட்டென்று அடங்கியது. அப்படியானால் இடையில் எங்கோ அறுந்திருக்கிறது. மல்டிமீட்டரும் அதையே சொன்னது. பிரிட்ஜைத் தூக்கிப் பார்த்தால் வயர் பச்சை பூத்து இற்றுப் போயிருந்தது. ஒரு துண்டு வயர், ஒரு பொட்டு ஈயம், பத்து நிமிடம். வாங்கிய அன்றே இதைச் செய்திருக்கலாம்.

எப்பாக்சியின் கதை இன்னும் சுவையானது. மெட்டில்லாத பேஸ் என்றாலே ஜாகோ பஸ்டோரியஸ் பெயர்தான் வரும். 1962ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஃபெண்டர் ஜாஸ் பேஸ் ஒன்றில், மெட்டுகளை நீக்கிய பலகைமேல் படகுகளுக்குப் பூசும் எப்பாக்சியைப் பூசி வாசித்தவர். அவருடைய பாடுவது போன்ற ஒலிக்கு அந்தப் பூச்சுதான் காரணம் என்று நம்புவோர் ஏராளம். நானும் நம்பித்தான் பூசினேன். ஆனால் அவர் சொரசொரப்பான வட்டச்சுற்றுக் கம்பிகளைப் பயன்படுத்தினார். பிரிட்ஜுக்கு அருகில் மீட்டினார், அதனாலேயே மேல்சுரங்கள் கூடுதலாக எழும். பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பையே அதிகம் நம்பினார். பூச்சோடு சேர்த்து நான்கு மாறிகள். அந்தக் கம்பிகள் மரத்தைத் தின்னாமல் காப்பதுதான் பூச்சின் முதல் வேலை.

சோதித்துப் பார்க்க, குப்பையில் போடாமல் வைத்திருந்த பழைய கம்பிகளை மறுபடி மாட்டினேன். பூச்சும் பிக்கப்பும் புதிது, கம்பி மட்டும் பழசு. மந்தம் அப்படியே திரும்பி வந்தது. வியர்வையும் அழுக்கும் கம்பிச் சுற்றுகளுக்கிடையே படிந்து மேல்சுரங்களை அமுக்கியிருக்கின்றன. ஒரு கித்தாரையும் ஒரு காதையும் வைத்துப் பொதுவிதி எழுத மாட்டேன். ஆனால் பூச்சுக்கு நான் கொடுத்த பெருமையில் பெரும்பங்கு கம்பிக்குரியது.

பருவத்துக்கு ஒரு முறையாவது, விடை தெரியாத ஒரு பழுதை மாணவர்களிடம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஓடாத பொம்மைக் கார், கரகரக்கும் பேட்டரி வானொலி, எதுவானாலும் சரி. பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்பார்கள். ஆசிரியர் அறையில் அதைச் சொல்பவர்களில் நானும் ஒருவன். அப்படியானால் ஊசல் பரிசோதனையை விட்டுவிடலாம். அதன் விடை வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கதை முழுவதையும் வகுப்பில் சொன்னேன், பிக்கப் செலவு வீண் என்பது உட்பட. சிவப்பு மை வாங்கிய அதே மாணவன் கையைத் தூக்கினான்.

"பழைய பிக்கப் நல்லாத்தான் இருக்குன்னு எப்படி சார் தெரியும்? வயரை மாத்தினப்போ உள்ளே இருந்தது புதுசுதானே?"

அது பிஸ்கட் டின்னில் கிடக்கிறது. இந்தச் சனிக்கிழமை எடுத்து மாட்டப் போகிறேன். அதே கம்பி, அதே பூச்சு, அதே வயர். பிக்கப் மட்டும் பழசு.